புதுப்பிப்பு: ஸ்குவாஷ் ஆட கண் கவசம் வாங்கியாச்சு

பையன் ஸ்குவாஷ் பழகுறான், பவர் கண்ணாடி போட்டவன், எந்தக் கவசம் வாங்கலாம்னு முன்னாடி கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"போட்டிருக்கிற கண்ணாடியே போதுமே"ன்னு சிலர் சொன்னீங்க. போதாதுங்க. அடிபட்டு லென்ஸ் உடைஞ்சா சில்லு கண்ணுக்குள்ளதான் போகும். ஸ்குவாஷ் பந்தோட விட்டம் வெறும் 40 மி.மீ. பெரிய பந்தா இருந்தா கண்குழியைச் சுத்தியுள்ள எலும்பு தடுத்துடும். இது நேரா கண்ணுலயே இறங்கும். லென்ஸே இல்லாத வெறும் சட்டத்தையும் இதனாலதான் தவிர்த்தேன். வேகமா வர்ற பந்து நசுங்கி இடைவெளி வழியா நுழைஞ்சிடும்.

ஒரு கடையில் "ஸ்போர்ட்ஸ் கிளாஸ் சார், உடையவே உடையாது"ன்னு நீட்டினாங்க. பெட்டியிலயும் சட்டத்துலயும் எந்தத் தரக்குறியீடும் இல்லை. வெச்சுட்டு வந்துட்டேன். கடைசியா வாங்கினது ஏஎஸ்டிஎம் எஃப்803 (விளையாட்டுக் கண் கவசத்துக்கான அமெரிக்கத் தரம்), அவன் பவருக்கே பாலிகார்பனேட் (லேசுல உடையாத பிளாஸ்டிக்) லென்ஸ் போட்டது. பின்னாடி எலாஸ்டிக் பட்டை. விலை கொஞ்சம் கடிக்குது. ஆனா உலக ஸ்குவாஷ் கூட்டமைப்போட ஜூனியர் போட்டிகள்ல கவசம் கட்டாயம், எப்படியும் வாங்கித்தான் ஆகணும்.

பேட்மின்டனுக்கும் வேணுமான்னு ஒருத்தர் கேட்டிருந்தார். இந்திய பேட்மின்டன் வீரர் சாத்விக்சாய்ராஜ் அடிச்ச ஸ்மாஷ் 2023-ல் மணிக்கு 565 கி.மீ.ன்னு பதிவாச்சு. கிளப் ஆட்டத்துல அவ்வளவு வராது, ஆனாலும் டபுள்ஸ்ல நெட் பக்கம் நிக்கிறவங்க போட்டுக்கிறது நல்லது.

இப்போ ஒரே தொல்லை, சென்னைப் புழுக்கத்துல லென்ஸ் பனி படியுது. சட்டையால துடைச்சா கீறல் விழுது. ஆன்டி-ஃபாக் ஸ்ப்ரே யாராவது பயன்படுத்தியிருந்தா சொல்லுங்க.