குடும்பக் குழு: ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலைக்கோயில்

கார்த்தி: தாணிப்பாறைப் பாதையில் புலி நிற்குதாம், வாய்ஸ் வந்திருக்கு. போறோமா இல்லையா? வேன்காரர் அட்வான்ஸ் கேட்கிறார்.

மதுரை சித்தி: ஐயோ! பிள்ளைக்கு மொட்டை போடணுமே

அத்தை: யார் அனுப்பினது?

கார்த்தி: ஆபீஸ் குரூப்ல

ராசு பெரியப்பா: அதை வேறு யாருக்கும் அனுப்பாதே கார்த்தி. என்றைக்குப் பார்த்தார்கள், எந்த இடம், ஒன்றுமே அதில் இல்லை. புலி அந்த மலையில் இருப்பதால்தானே 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். ஆள் சத்தம் கேட்டால் அது ஒதுங்கிப் போய்விடும். பயப்பட வேண்டியது ஓடைக்குத்தான், மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் இறங்கிவிடும். 2015இல் அப்படித்தான் பக்தர்களை இழுத்துக்கொண்டு போனது. வனத்துறை விடுகிறார்களா என்று பார்த்துவிட்டு வேன் பேசு. அப்புறம், பிளாஸ்டிக் பை வேண்டாம், குரங்குக்குத் தின்பண்டம் வேண்டவே வேண்டாம்.

அத்தை: சரி அண்ணே

மதுரை சித்தி: பால்கோவா யார் வாங்குறது?

முருகன் சித்தப்பா: நான் வரலை. செவ்வாய்க்கிழமை தோப்பில் கிளை வெட்ட ஆள் வருது.

ராசு பெரியப்பா: எந்தக் கிளை? செண்பகத்தோப்புக் காட்டு ஓரத்து மாமரமா? முருகா, அதை மட்டும் விட்டுவிடு. சாம்பல் அணில் கிளை பின்னிக்கிடக்கிற இடத்தில்தான் கூடு வைக்கும், தரைக்கு இறங்குவதே அபூர்வம். பக்கத்து மரத்துக் கிளையும் நம் கிளையும் தொட்டுக்கொண்டிருப்பதால்தான் காட்டிலிருந்து கடந்து வருகிறது. போன பங்குனியில் உன் பேத்தி பார்த்தாளே, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, முன்னங்கையால் காயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கொறித்ததை! அதற்காகவே 1988இல் சரணாலயம் வைத்தார்கள். இடைவெளி விழுந்தால் இறங்கி ஓட வேண்டும், தெருநாய் பிடித்துவிடும்.

முருகன் சித்தப்பா: கடிச்சுப் போடுற காய்க்கு நட்டம் எனக்கு. பாகம் பிரிச்சப்போ கிணத்துப் பக்கம் உங்களுக்கு வந்துச்சு, அணில் பக்கம் எனக்கு.

அத்தை: இருபது வருசமா அதே பேச்சு

கார்த்தி: வேனுக்கு என்ன சொல்ல?

ராசு பெரியப்பா: காய்க்கு உண்டானதை நான் தருகிறேன் முருகா. கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து ஒரு தடவை பார், அது போதும்.

மதுரை சித்தி: மொட்டைக்கு எத்தனை பேர்?

முருகன் சித்தப்பா: காசு வேண்டாம். ஓரத்து மரத்தை அப்புறம் பார்க்கலாம்.

கார்த்தி: பெரியப்பா, வேன்?