சீரியலுக்குப் பணம் போட்டது யார்?

மன்னார்குடி மாணவன்:
வணக்கம். எங்கள் தெருவில் ஒரு திண்ணை வீட்டில் 2003 வாக்கில் சீரியல் எடுத்ததாகப் பாட்டி அடிக்கடி சொல்வார். கல்லூரி புராஜெக்டுக்காகக் கேட்கிறேன். அந்தத் தொடர்களைச் சேனல்காரர்களே எடுத்தார்களா, வெளியே வாங்கினார்களா? பணம் யாருடையது?

கும்பகோணம் மேனேஜர்:
தம்பி, நான் எட்டு வருஷம் ஒரு சீரியல் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜர். செய்தி, போன் போட்டுப் பாட்டு கேட்கிற நிகழ்ச்சி இதெல்லாம் சேனலின் சொந்த ஸ்டுடியோவில் நடக்கும். சினிமாவுக்கு ஒளிபரப்பு உரிமை வாங்குவார்கள். மெகா சீரியல்தான் பெரும்பாலும் வெளி ஆள் வேலை. சன் டிவியில் 1999ல் தொடங்கிய ‘சித்தி’ ராடான் எடுத்தது. ‘மெட்டி ஒலி’ சினி டைம்ஸ், ‘கோலங்கள்’ விகடன் டெலிவிஸ்டாஸ்.

நாங்கள் செய்தது ஸ்லாட் முறை. அரை மணி நேரத்துக்குத் தயாரிப்பாளர் சேனலுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். பதிலுக்கு இத்தனை நொடி விளம்பர நேரம் அவருக்குக் கிடைக்கும், எஃப்.சி.டி. என்போம். ஜவுளிக்கடை, சோப்புக் கம்பெனி என்று ஏறி இறங்கி அந்த நொடிகளை விற்றால்தான் நடிகர்களுக்குச் சம்பளம். விளம்பரம் கொடுக்கிற கம்பெனியின் பணத்தில் தொடர் ஓடுவது தூர்தர்ஷன் காலத்து வழக்கம்தான்; 1984ல் ‘ஹம் லோக்’ மேகி நூடுல்ஸ் ஸ்பான்சரில் வந்தது.

இன்னொரு வழியில் சேனலே எபிசோடுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்ளும். நஷ்ட பயம் கிடையாது, ஆனால் தொடர் சேனலுக்குச் சொந்தமாகிவிடும். ஸ்லாட் முறையில் பெரும்பாலும் உரிமை நம்மிடமே நிற்கும். எங்கள் முதலாளி அதற்காகத்தான் துணிந்தார்.

இரவில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொடரை ஒருநாள் மதியத்துக்குத் தள்ளினார்கள். சேனல் பெயர் வேண்டாம். விளம்பரம் பாதிக்கு வந்துவிட்டது. திருவலஞ்சுழியில் இருந்த இரண்டு மா நஞ்சை நிலத்தை விற்றுத்தான் முதலாளி எங்களுக்கு பேட்டா கொடுத்தார். ஒரு லைட்பாய்க்குக்கூடப் பாக்கி வைக்கவில்லை.

மயிலாடுதுறை கேபிள்காரன்:
அண்ணே, சென்னையில் இத்தனை ஷூட்டிங் வீடு இருக்க, இங்கே ஏன் வந்தீர்கள்? கேசட் எப்படிப் போகும்?

கும்பகோணம் மேனேஜர்:
திண்ணை, ரேழி, முற்றம், கொல்லைக் கிணறு எல்லாம் ஒரே வீட்டில் வேறெங்கே கிடைக்கும்? அதைச் செட் போட்டால் கட்டுப்படியாகாது. வாடகை நாள் கணக்கு என்பதால் ஒரே முற்றத்தில் நடக்கும் காட்சிகளைப் பல எபிசோடுகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்து எடுப்போம். இந்த வாரத்து அழுகையும் அடுத்த மாதத்து வளைகாப்பும் ஒரே மதியத்தில் முடியும். எந்தக் காட்சிக்கு எந்தப் புடவை, பொட்டு பெரியதா சின்னதா என்று ஒரு உதவி இயக்குநர் நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பார். அந்த நோட்டு தொலைந்தால் ஷூட்டிங் நின்றுவிடும்.

எடுத்த பீட்டா கேசட்டை, அதாவது டிவிக்காரர்கள் அப்போது பயன்படுத்திய பீட்டாகேம் வீடியோ டேப்பை, ராத்திரி பஸ்ஸில் ஆபீஸ் பையன் மடியில் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போவான். டிக்கியில் போட நான் விட்டதே இல்லை. எடிட் முடிந்து சேனலுக்குப் போகும் கேசட்டில் முதலில் நிறத்தையும் சத்தத்தையும் சரிபார்க்கக் கலர் பார், பீப் சத்தம், அப்புறம் விளம்பர இடைவேளைக்கு ஏற்றபடி துண்டு துண்டாக எபிசோடு. ஒவ்வொரு துண்டும் எத்தனை நிமிஷம், எத்தனை நொடி என்று மேலே லேபிளில் எழுத வேண்டும். சத்தம் மீட்டரில் சிவப்பைத் தொட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வசனத்தை ஒரு டிராக்கிலும் இசையை இன்னொன்றிலும் பிரித்து வைப்போம். அப்படி இருந்தால்தான் பின்னால் தெலுங்குக்கு டப்பிங் உரிமை விற்கலாம்.

அந்தக் கேசட்டெல்லாம் முதலாளி வீட்டுப் பரணில்தான் கிடக்கிறது. அவர் இப்போது இல்லை. அவர் மகன் என்னை நம்பிச் சாவி கொடுத்திருக்கிறார், ஆனால் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிட்டது. ஓடுகிற நிலையில் பீட்டா பிளேயர் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். தம்பி, பாட்டி சொன்ன வீட்டு வாசலில் பவழமல்லி மரம் உண்டா என்று கேட்டுச் சொல்லுங்கள்.