படர்தாமரைக்கு எந்தக் களிம்பு, எத்தனை நாள்?

கேள்வி:

வணக்கம். என் தந்தையின் இடுப்பிலும் தொடை இடுக்கிலும் படர்தாமரை வந்திருக்கிறது. வட்டத்தின் விளிம்பு சிவந்து, சற்றே தடித்து, செதில் செதிலாக உரிகிறது. நடுப்பகுதி மட்டும் ஆறியதுபோல் தெரிகிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பைப் பூசினால் அன்றிரவே அரிப்பு அடங்குகிறது. நிறுத்தினாலோ முன்பைவிடப் பெரிதாகத் திரும்பி வருகிறது. ட்யூபின் மேல் குளோபெட்டசால், மைக்கோனசோல், நியோமைசின் என்று மூன்று பெயர்கள் உள்ளன. இதை விட்டுவிட்டு க்ளோட்ரிமசோல் அல்லது டெர்பினாஃபின் பூசலாமா? எத்தனை நாள் பூச வேண்டும்?

பதில் 1:

இந்தக் கலவைதான் உங்கள் தந்தையை அலைக்கழிக்கிறது என்று நினைக்கிறேன். குளோபெட்டசால் மிக வீரியமான ஸ்டீராய்டு. அது படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சையைக் கொல்வதில்லை; பூஞ்சையை எதிர்த்துத் தோல் காட்டும் அழற்சியைத்தான் அடக்குகிறது. அதனால் அரிப்பும் சிவப்பும் உடனே குறைய, எதிர்ப்பு இல்லாத இடத்தில் பூஞ்சை தாராளமாகப் பரவுகிறது. நியோமைசின் பாக்டீரியாவுக்கான மருந்து, இங்கே அதற்கு வேலையே இல்லை. தொடை இடுக்கில் தோல் மெல்லியது, மடிப்புக்குள் மருந்து அதிகமாக ஊறும். தொடர்ந்து பூசினால் தோல் நலிந்து, பிறகு மறையாத வரித் தழும்புகள் விழும். வட்ட வடிவமே கலைந்து, வேறு நோய்போலத் தோன்றவும் கூடும். ஆகவே மருத்துவரிடம் போகும்போது அந்த ட்யூபையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நிறுத்திய சில நாட்களுக்கு அரிப்பு கூடலாம். அதற்கு அஞ்சி மீண்டும் அதையே பூசிவிட வேண்டாம்.

பதில் 2:

நீங்கள் கேட்ட இரண்டுமே நல்ல மருந்துகள்தான். பூஞ்சையின் செல்சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் உருவாவதை, இரண்டும் வெவ்வேறு படிகளில் தடுக்கின்றன. க்ளோட்ரிமசோல் 1 சதவீதக் களிம்பு பெரும்பாலும் பூஞ்சையின் வளர்ச்சியை நிறுத்துகிறது. டெர்பினாஃபின் 1 சதவீதக் களிம்பு அதைக் கொன்றேவிடுவதால் சிகிச்சைக் காலம் பொதுவாகக் குறைகிறது. முன்னதை நாளுக்கு இருமுறை வீதம் இரண்டு முதல் நான்கு வாரம் பூசுவது வழக்கம்; பின்னதற்குப் பல வேளைகளில் ஒன்று அல்லது இரண்டு வாரமே போதும். நிஸ்டாட்டின் களிம்பை யாராவது சொன்னால் வாங்காதீர்கள், அது கேண்டிடா என்னும் ஈஸ்ட் தொற்றுக்கானது, படர்தாமரையிடம் எடுபடாது.

மருந்தைத் தேர்ந்தெடுப்பதைவிடப் பூசும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பூஞ்சை மும்முரமாக இருப்பது விளிம்பில். ஆகையால் இடத்தைக் கழுவி ஈரம் போகத் துடைத்தபின், விளிம்புக்கு வெளியே நல்ல தோலிலும் சுமார் 2 செ.மீ. அகலத்துக்குச் சேர்த்து மெல்லியதாகப் பூச வேண்டும். அரிப்பு நின்றதுமே நிறுத்தக் கூடாது. க்ளோட்ரிமசோல் போன்றவற்றைத் தோல் பார்வைக்குச் சரியான பிறகும் ஒன்றிரண்டு வாரம் தொடர்வது நல்லது.

பதில் 3:

தந்தையின் பாதங்களையும் ஒருமுறை பாருங்கள். தொடை இடுக்கில் வரும் தொற்று பல நேரம் கால்விரல் இடுக்கிலிருந்தே உள்ளாடை வழியாக ஏறியிருக்கும். உடம்பில் நிறைய இடங்களில் பரவியிருந்தாலோ, நகத்திலோ தலையிலோ இருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ களிம்பை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். தலைக்கு மாத்திரை கட்டாயம் தேவை, நகத்துக்கும் பெரும்பாலும் தேவைப்படும். ஒழுங்காகப் பூசியும் குறையாவிட்டால், மருத்துவர் செதிலைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். டெர்பினாஃபினுக்கு மசியாத பூஞ்சை வகைகளும் இப்போது பரவி வருகின்றன.

கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. பார்த்தேன், கடைசி இரண்டு கால்விரல்களுக்கு நடுவே தோல் வெளுத்து, ஊறி, உரிந்திருக்கிறது. அங்கும் நீங்கள் சொன்ன பூஞ்சைக் களிம்பையே பூசலாமா?

பதில் 3:

பூசலாம், ஆனால் இரண்டு இடத்துக்கும் ஒரே சமயத்தில் தொடங்குங்கள். ஒன்றை விட்டுவைத்தால் அங்கிருந்து மற்றொன்றுக்குத் திரும்ப வரும். டெர்பினாஃபின் என்றால் விரலிடுக்கில் நாளுக்கு இருமுறை, ஒரு வாரம். உள்ளங்காலிலும் செதில் இருந்தால் இரண்டு வாரம். பாதத்துக்குத் தனித் துண்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உடுத்தும்போது காலுறையை முதலில் மாட்டி, அதன் பிறகே உள்ளாடையை அணிய வேண்டும்.