இறந்தவரின் வருகையை மனம் எதிர்பார்த்துக்கொண்டே இருப்பது ஏன்?

வாசற்படி (கேள்வி):
என் தந்தை மறைந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. கொள்ளி வைத்தவன் நான்; பதினாறாம் நாள் காரியமும் முறைப்படி முடிந்தது. ஆயினும் மாலை ஆறு மணியானால், அவர் மிதிவண்டியை வாசலில் நிறுத்தும் ஓசை தெளிவாகக் கேட்கிறது. கதவைத் திறக்க எழுந்து பாதித் தூரம் சென்ற பிறகே நினைவு வருகிறது. அம்மா அஞ்சுவார் என்பதால் வீட்டில் சொல்லவில்லை. இது மனநோயின் அறிகுறியா?

நெய்தல்:
உங்கள் தந்தையின் மறைவுக்கு என் இரங்கல். ஓசை கேட்பதால் மட்டும் இது மனநோய் ஆகிவிடாது. வேல்ஸில் டெவி ரீஸ் என்ற மருத்துவர், துணையை இழந்த 293 பேரிடம் உரையாடி 1971-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்ந்தோ, குரலைக் கேட்டோ, உருவத்தைக் கண்டோ இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் உங்களைப் போலவே அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

அடுத்து என்ன நிகழும் என்பதை மூளை பழக்கத்திலிருந்து கணித்துக்கொண்டே இருக்கிறது. பல்லாண்டுகள் கேட்ட ஓசையை ஏழு மாதங்களில் அது கைவிட்டுவிடாது. 2013-இல் நார்வே ஆய்வாளர்கள் எலிகளிடம் கண்டது வியப்பானது: ஒரு பொருளை அகற்றிய பின்னரும், அது முன்பு இருந்த இடத்தை எலி அடையும்போது சில நரம்பணுக்கள் கிளர்ந்தன. துக்கத்தை ஆராயும் மேரி பிரான்சிஸ் ஓகானர், துக்கப்படுவதே ஒருவகைக் கற்றல் என்கிறார். மரணத்தை நேரில் கண்ட நினைவும், 'அவர் வருவார்' என்ற பழைய உறுதியும் ஒரே மூளையில் சேர்ந்தே இருப்பதால், அந்தக் கற்றல் மெதுவாகவே நடக்கிறது.

முல்லைப்பந்தல்:
கணவரை இழந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. துக்கத்துக்குக் கோபம் உள்ளிட்ட ஐந்து படிநிலைகள் உண்டு என்று உறவினர் ஒருவர் கூறியதைக் கேட்டு, எனக்குக் கோபமே வரவில்லையே, என் துக்கத்தில் ஏதோ குறை என்று வருந்தினேன். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969-இல் அவற்றை எழுதியது, துணையை இழந்தவர்களிடம் அல்ல, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசித்தான் என்பதைப் பின்னரே அறிந்தேன். காலையில் கணக்கு எழுதுவேன், மதியம் அவர் சட்டையை மடிக்கும்போது அழுவேன், மாலையில் சமைப்பேன். அம்மாவிடம் சொல்லுங்கள், அவருக்கும் ஏதேனும் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

கார்முகில்:
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஏக்கம் ஆறு மாதங்களுக்கு மேலாக, சமூக வழக்கத்தையும் மிஞ்சி, அன்றாட வாழ்வை முடக்கினால், உலக சுகாதார நிறுவனம் அதை நீடித்த துக்கக் கோளாறு என வகைப்படுத்துகிறது. உங்கள் உறக்கமும் வேலையும் எவ்வாறு உள்ளன? அவை குலைந்திருந்தால் மனநல மருத்துவரை நாடத் தயங்காதீர்கள்.

வாசற்படி:
அனைவருக்கும் நன்றி. உறங்குகிறேன், வேலைக்கும் செல்கிறேன். மிதிவண்டியை விற்றுவிடலாம் என்று தம்பி சொன்னதை மட்டும் இப்போதைக்கு வேண்டாம் என்று தடுத்திருக்கிறேன். அம்மாவிடம் இன்று மாலை பேசுவேன்.