பெரிய வெள்ளியிலயே எல்லாம் முடிஞ்சதுன்னா ஈஸ்டர் எதுக்கு?

மாயவரத்தான்:
நான் லுத்தரன் சபை. ஆபீஸ்ல ஒரு அண்ணன், இந்து, கிண்டலா எல்லாம் இல்ல, தெரிஞ்சுக்கத்தான் கேட்டாரு, இயேசு பெரிய வெள்ளியன்னைக்கு உங்க பாவத்துக்காக செத்தாருங்கிறீங்க, சிலுவையிலயே "முடிந்தது"ன்னும் சொல்லிட்டாரு, அப்புறம் மூணாம் நாள் எழுந்து வர என்ன அவசியம், திரும்பி வந்துட்டா செத்ததுக்கு என்ன மதிப்புன்னு. எனக்கு பதில் வரல. நாங்களும் அப்படித்தானே இருக்கோம், லெந்து நாள் (ஈஸ்டருக்கு முந்தின நோன்பு காலம்) பூரா வீட்ல கறி எடுக்கறதில்ல, பெரிய வெள்ளி அன்னைக்கு, சிலுவையில அவர் சொன்ன ஏழு வார்த்தைய தியானிக்கற ஆராதனைக்கு நிக்க இடம் இருக்காது, ஈஸ்டர்னா விடியக்கால ஆராதனை முடிஞ்சு நேரா பிரியாணி. யாராவது விளக்குங்க.

தரங்கம்பாடி கரை:
தம்பி, லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706ல வந்து இறங்கின ஊர்க்காரன்ங்கிற உரிமையில சொல்றேன் :) பைபிள்ல ரோமர் 4:25 பாருப்பா, நம்ம பாவத்துக்காக ஒப்புக்கொடுக்கப்பட்டாரு, நாம நீதிமானாகறதுக்காக எழுப்பப்பட்டாரு. சொசைட்டில உன் கடன வேற ஒருத்தர் கட்டிட்டாருன்னு சொன்னா, அடகு வச்ச நகை கைக்கு வர்ற வரைக்கும் நம்புவியா? கட்டினது வெள்ளிக்கிழமை. கடவுள் ஏத்துக்கிட்டாருன்னு தெரிஞ்சது ஞாயித்துக்கிழமை.

பூண்டிக்காரன்:
உதாரணம் நல்லாருக்குங்க ஐயா, ஆனா அதுல உயிர்ப்பு வெறும் ரசீது மாதிரி ஆயிடுது. நான் கத்தோலிக்கன், எனக்கு புரிஞ்ச வரைக்கும் சாவுதான் எதிரியே. ஆதி சபை இதத்தான் நிறைய பேசுச்சு, பாவத்துக்கு ஈடு கட்டறதுங்கிற கணக்கு 11ஆம் நூற்றாண்டு கடைசில ஆன்செல்ம்ங்கிற இறையியல் அறிஞர் எழுதினப்புறம்தான் மேற்குல பெருசாச்சு. கிழக்கு சபைகளோட ஈஸ்டர் படம் பாத்திருக்கீங்களா, இயேசு பாதாளக் கதவ, அதாவது செத்தவங்க இருக்கற இடத்தோட கதவ, உடைச்சு மிதிச்சுக்கிட்டு ஆதாம் ஏவாள் கையப் புடிச்சு தூக்குவாரு. செத்தாத்தான் அதுக்குள்ள போக முடியும், எழுந்தாத்தான் கூட்டிக்கிட்டு வெளில வர முடியும். அப்புறம் அந்த அண்ணன்கிட்ட காயத்த தொட்டுப் பாத்தாத்தான் நம்புவேன்னு சொன்ன சீஷன் தோமா கதைய சொல்லுங்க, எழுந்த உடம்புலயும் ஆணிக்காயம் அப்படியேதான இருந்துச்சு, பட்டது ஒண்ணும் கேன்சல் ஆகல.

மாயவரத்தான்:
தோமா விஷயம் சூப்பர், யோசிக்கவே இல்ல. ஆனா சாவ ஜெயிச்சாச்சுன்னா நாம ஏன் இன்னும் அடக்க ஆராதனைக்கு போயிட்டிருக்கோம்? அடுத்து இதத்தான் கேப்பாரு.

தரங்கம்பாடி கரை:
1 கொரிந்தியர் 15 முழுசா படிப்பா. கிறிஸ்து முதற்பலன், அதாவது முதல்ல எழுந்தவரு, மத்தவங்க அவர் திரும்ப வரும்போது, கடைசியா அழியற சத்துருதான் மரணம்னு பவுல் வரிசையாவே எழுதறாரு. எழுந்திருக்கலன்னா உங்க விசுவாசமே வீணுன்னும் அங்கயே இருக்கு, ஆக சிலுவை மட்டும் போதும்னு அவரே சொல்லல. பூண்டிக்காரரே, ஈடு கட்டறதுங்கிறது ஆன்செல்ம் கண்டுபிடிச்சது மாதிரி பேசாதீங்க, ஏசாயா 53லயே இருக்கு.

பூண்டிக்காரன்:
ஏசாயாவ யாருங்க ஐயா மறுத்தா, ரெண்டும் வேணும்னுதான் சொல்றேன். தம்பி, ரோமர் 6ம் பாருங்க, ஞானஸ்நானத்துல அவர் சாவுக்குள்ள நாமளும் அடக்கமாகி புது வாழ்வுக்கு எழும்பறோம்னு இருக்கும். பாஸ்கா ராத்திரி, அதாவது ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி, ஞானஸ்நானம் குடுக்கற வழக்கமே அதனாலதான். சனிக்கிழமை ராத்திரி ஒருதடவ அந்த அண்ணனையும் கூட்டிக்கிட்டு எங்க பக்கம் வாங்க, பிரியாணி மறுநாள்தான் :)