மறு: காஸ்ட் எஃபெக்டிவ்னெஸ்: ‘சிக்கனம்’ வேண்டாம், ‘செலவுத்தகவு’ சரிவருமா?

அன்பு நண்பர்களே,

‘காஸ்ட் எஃபெக்டிவ்னெஸ்’ (கொடுக்கும் காசுக்கு ஏற்ற பலன் கிடைப்பது) முதலான மருத்துவச் செலவுக் கணக்குச் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையை ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் பிழைப்பே இதில்தான் ஓடுகிறது என்பதால் இனியும் சும்மா இருக்க முடியவில்லை. வெளிநாட்டு மருந்து நிறுவனங்களுக்காக பெங்களூரில் உட்கார்ந்து, ‘இந்த மருந்து இந்த விலைக்குத் தகும்’ என்று காட்டும் எக்செல் கணக்கு மாதிரிகளைக் கட்டுவது என் வேலை. எனவே சொற்களைப் பற்றிச் சொல்லும்போது வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> காஸ்ட் எஃபெக்டிவ் = சிக்கனமான. யாருக்கும் புரியும். இதற்கு மேல் என்ன வேண்டும்?

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். சோஃபோஸ்புவிர் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். ஹெபடைடிஸ் சி-க்கான மாத்திரை. கிலியட் நிறுவனத்தின் இந்த மருந்துக்கு அமெரிக்காவில் 2013 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது. வெளிவந்தபோது அங்கே விலை மாத்திரைக்கு 1,000 டாலர். 12 வாரத்துக்கு 84,000 டாலர். இங்கிலாந்தில் 12 வாரத்துக்கு ஏறத்தாழ 35,000 பவுண்டு. இதை யாராவது சிக்கனம் என்பார்களா? ஆனால் கணக்குப் போட்டவர்களில் பலர், நோயாளிகளில் பெரும்பகுதிக்கு இது காஸ்ட் எஃபெக்டிவ்தான் என்றார்கள். காரணம் எளிது. மருந்து நோயை அடியோடு போக்குகிறது. கல்லீரல் சுருங்குவது, புற்றுநோய், மாற்றுக் கல்லீரல் என்று பின்னால் வரவிருந்த செலவெல்லாம் குறைகிறது, ஆளும் நல்லபடியாகப் பல ஆண்டுகள் வாழ்கிறார். எந்த மருந்துக்கு அரசு செலவிடலாம் என்று மதிப்பிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பும் 2015 பிப்ரவரியில் பரிந்துரைத்துவிட்டது. அப்புறம்தான் சிக்கல். அந்நாட்டில் இந்தத் தொற்றுள்ளவர்கள் 1,60,000 பேர் என்பது அப்போதைய மதிப்பீடு. எல்லோருக்கும் பட்டியல் விலையில் கொடுத்தால் 560 கோடி பவுண்டு. பரிந்துரைக்கப்பட்ட மருந்தை நடைமுறைக்குக் கொண்டுவரவே அரசு மருத்துவ சேவை கூடுதல் அவகாசம் கேட்க வேண்டியிருந்தது.

ஆக, ஒரு மருந்து கொடுத்த காசுக்குத் தகும், ஆனால் கட்டுப்படியாகாது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். இரண்டாவதற்கு நம்மிடம் ‘கட்டுப்படியாதல்’ என்ற அருமையான சொல் காய்கறிச் சந்தையிலேயே கிடக்கிறது, புதிதாக ஒன்றும் தேவையில்லை. முதலாவதற்குத்தான் சொல் இல்லை. அதற்கு ‘சிக்கனம்’ என்று எழுதினால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். அப்படிக் கலப்பதால் யாருக்கு லாபம் என்றும் பாருங்கள். ‘எங்கள் மருந்து காஸ்ட் எஃபெக்டிவ்’ என்று நிறுவனம் விடும் அறிக்கையைத் தமிழ் நாளிதழ் ‘மலிவான மருந்து’ என்று போட்டால், நிறுவனமே சொல்லத் துணியாத ஒன்றை நாம் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தது போலாகும்.

> பழகிய ‘செலவு-பயன் பகுப்பாய்வு’ இருக்கும்போது ஏன் புதுச்சொல்?

ஏற்கெனவே அந்தச் சொல்லுக்குச் சுமை அதிகம். நன்மையையும் பணமாக மாற்றி இரண்டையும் கழித்துப் பார்ப்பது ஒன்று. நன்மையை அதன் இயல்பான அளவிலேயே, குறைந்த ரத்த அழுத்தம், தவிர்த்த மாரடைப்பு, கூடிய ஆயுள் என்று வைத்துக்கொண்டு செலவோடு ஒப்பிடுவது இன்னொன்று. ஆயுளையும் நலத்தையும் சேர்த்து ஒரே அலகாக்கி ஒப்பிடுவது மூன்றாவது. மூன்றுக்கும் தமிழில் ‘செலவு-பயன்’ என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். பொருளியல் பாடநூலில் ‘பயன்பாடு’ என்பதற்கு, நுகர்வில் கிடைக்கும் நிறைவு என்ற தனிப்பொருளும் உண்டு. என் யோசனை: பணக்கணக்குக்கு மட்டும் ‘செலவு-பயன்’ இருக்கட்டும். மற்ற இரண்டுக்கும் பொதுவாக ‘செலவுத்தகவு ஆய்வு’. மூன்றாவதைத் தனித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘நலவாண்டுக் கணக்கு’. அந்த நலவாண்டுக்கு வருகிறேன்.

> குவாலி: தரம் சரிசெய்யப்பட்ட வாழ்நாள் ஆண்டு. துல்லியமானது, குழப்பமில்லை.

துல்லியம்தான். ஆனால் ஒரு பத்தியில் ஆறு தடவை எழுதிப் பாருங்கள். குவாலி என்பது ஒரு அலகு, கிலோ மீட்டர் மாதிரி. அலகின் பெயர் நாக்கில் நிற்க வேண்டும். ஆயுளை நலத்தின் அளவால் பெருக்குகிறோம், அவ்வளவுதான். முழு நலம் 1, இறப்பு 0. ஒருவர் 0.7 அளவு நலத்தோடு 10 ஆண்டு வாழ்ந்தால் 7. பத்து கிராம் 22 காரட் நகையில் சொக்கத் தங்கம் எவ்வளவு தேறும் என்று தட்டார் பார்ப்பாரே, அதே கணக்கு. (‘சொக்க ஆண்டு’ என்று பெயர் வைக்கலாமா என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். வேண்டாம்.) நலம் + ஆண்டு = நலவாண்டு. மரவடி மாதிரி புணரும். உலகச் சுகாதார நிறுவனம் பயன்படுத்தும் டாலி இதற்குத் தலைகீழ், நோயாலும் முன்கூட்டிய இறப்பாலும் இழந்த ஆண்டுகளைக் கணக்கிடுவது. அதற்கு ‘நலமிழப்பாண்டு’ என்றால் இரண்டும் ஜோடியாக நிற்கும்.

யாழ்ப்பாணத்து நண்பர் கேட்டது நல்ல கேள்வி: அந்த 0.7 எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஈக்யூ-5டி என்ற வினாத்தாளிலிருந்து. நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, அன்றாட வேலைகள், வலி அல்லது அசௌகரியம், கவலை அல்லது மனச்சோர்வு என்று ஐந்து கேள்விகள். புதிய வடிவத்தில் ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலைகள், ஆக மொத்தம் 3,125 நிலைகள். ஒவ்வொரு நிலைக்கும் மதிப்பெண் போடுவது நோயாளி அல்ல, பொதுமக்கள். ‘இந்த நிலையில் 10 ஆண்டு வாழ்வதற்குப் பதில், முழு நலத்தோடு எத்தனை ஆண்டு கிடைத்தால் போதும் என்பீர்கள்?’ என்கிற மாதிரிக் கேள்விகளை வைத்து அதை எடுக்கிறார்கள். இந்தியர்களிடமே கேட்டுத் தயாரித்த மதிப்பெண் பட்டியல் 2022-இல் வெளிவந்தது. சில நிலைகள் இறப்பைவிட மோசம் என்று மக்கள் சொல்வதால் மதிப்பெண் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். ‘நலவாண்டு எப்படி எதிர்மறையாகும்?’ என்று கேட்டிருந்தீர்கள். வளர்ச்சி விகிதம் எதிர்மறையாவதை நாம் ஏற்றுக்கொள்ளவில்லையா? அது சொல்லின் பிரச்சினை அல்ல.

இப்போது முக்கியமான மறுப்பு:

> ‘தகவு’ என்றாலே தகுதி, மேன்மை. கணக்குப் போடுவதற்கு முன்பே மருந்து தகும் என்று தீர்ப்பு எழுதுவது ஆகாதா? மேலும், ஐசர் எண் கூடினால் மருந்து மோசம் என்கிறீர்கள். தகவு கூடினால் மோசமா?

இரண்டாவது பாதிதான் என்னை யோசிக்க வைத்தது. ஆங்கிலத்திலும் இந்தக் கோளாறு உண்டு. அங்கே காஸ்ட் எஃபெக்டிவ்னெஸ் என்ற பண்பும் அதே பெயர் தாங்கிய விகிதமும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் முதல் மாதம் இதில்தான் தடுமாறுகிறார்கள். நாமும் அதைச் சுமக்க வேண்டியதில்லை. பண்புக்கு ‘செலவுத்தகவு’. ஆங்கிலத்தில் ஐசர் என்று சுருக்கிச் சொல்லும் அந்த எண்ணுக்கு ‘கூடுதற்செலவு விகிதம்’. பழைய சிகிச்சையை விட்டுப் புதியதற்கு மாறினால் கூடும் செலவை, கூடும் நலவாண்டால் வகுத்தால் வருவது. விகிதம் ஏறினால் தகவு இறங்கும். இதில் ‘இறுதிநிலை’ (மார்ஜினல்) என்ற சொல்லைக் கொண்டுவராதீர்கள், அது ஒரே ஒரு அலகு கூடும்போது ஆவது. இங்கே ஒரு சிகிச்சைக்குப் பதில் வேறொரு சிகிச்சையே வருகிறது.

தகவு முன்தீர்ப்பு ஆகுமா என்ற முதல் பாதிக்கு, நிறுவனங்கள் இந்த எண்ணை எப்படிச் செய்கின்றன என்று பார்த்துவிட்டுப் பேசலாம்.

ஒரு புற்றுநோய் மருந்து. மாதிரியில் மூன்று நிலைகள்: நோய் முற்றாமல் இருப்பது, முற்றிய பின், இறப்பு. பழைய சிகிச்சையின் மொத்தச் செலவு 20,000 பவுண்டு, புதியதற்கு 56,000 என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 36,000. கூடும் நலவாண்டு 1.2 என்றால் விகிதம் 30,000. நைஸ் நெடுங்காலம் வைத்திருந்த வரம்பு ஒரு நலவாண்டுக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு. மருந்து விளிம்பில் தப்பித்தது. அந்த 1.2 எங்கிருந்து வந்தது? மருத்துவச் சோதனையில் நோயாளிகளைக் கண்காணித்தது இரண்டு மூன்று ஆண்டு. மாதிரியோ 30 ஆண்டு ஓடுகிறது. எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டும் சோதனைக் கோடு நிற்கும் இடத்திலிருந்து ஒரு வளைகோட்டை நாம் இழுத்துவிடுகிறோம். என் எக்செல்லில் அதற்கு ஒரு டிராப்-டவுன் (தேர்வுப் பட்டியல்) இருக்கும்: வெய்புல், லாக்-நார்மல், காம்பெர்ட்ஸ் என்று வளைகோட்டு வகைகள். கண்காணித்த காலத்துக்குள் எல்லாக் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகவே படுத்திருக்கும். அதன் பிறகு ஒன்று சட்டென்று விழும், இன்னொன்று வால் நீண்டு தரையோடு தரையாகப் போகும். வால் நீண்டதைத் தேர்ந்தால் 1.2. விழுவதைத் தேர்ந்தால் 0.8 ஆகலாம், விகிதம் 45,000. ஒரு சொடுக்கு, வேறெதுவும் மாறவில்லை. இதைப் பொய்க் கணக்கு என்று சொல்ல முடியாது. இரண்டு கோட்டுக்கும் நியாயம் எழுத முடியும், எழுதுகிறோம். நைஸ் தரப்பில் கணக்கைச் சரிபார்க்கும் பல்கலைக்கழகக் குழுக்கள் முதலில் கை வைப்பதும் இந்த டிராப்-டவுனில்தான்.

எதோடு ஒப்பிடுவது, எதிர்காலப் பயனை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர எந்த வீதத்தில் கழிப்பது என்று இன்னும் திருகாணிகள் உண்டு. கழிவு வீதத்தில் நிறுவனத்துக்குப் பெரிய சுதந்திரம் இல்லை, நைஸ் 3.5 சதவீதம் என்று நிர்ணயித்திருக்கிறது. வெளியே தெரியாத ஒன்று விலை. கணக்கு விலையிலிருந்து விகிதத்துக்குப் போவதாகத்தானே நினைக்கிறோம்? பல நேரம் ஓட்டம் தலைகீழ். வரம்பை உள்ளிட்டு, அதைத் தாண்டாமல் எவ்வளவு உயர்ந்த விலை வைக்கலாம் என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறோம். இதற்கு ‘மதிப்புவழி விலை’ என்று கௌரவமான பெயர். உச்சவரம்பு என்று வைத்த எண் குறிவைக்கும் எண்ணாகிவிடுகிறது. 2025 கடைசியில், அமெரிக்காவோடு செய்துகொண்ட உடன்பாட்டை ஒட்டி அந்த வரம்பை 25,000–35,000 ஆக உயர்த்தப்போவதாகப் பிரிட்டன் அறிவித்தது. மாதிரியில் அது ஒரே ஒரு கட்டத்தில் திருத்தம்.

எண் வரம்புக்கு வெளியே போனாலும் வழி உண்டு. 2007-இல் போர்டெசோமிப் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்துக்கு, முதல் சில சுற்றுகளில் குணம் தெரியாத நோயாளிகளுக்கான மருந்துச் செலவைத் திருப்பித் தருவதாக நிறுவனம் ஒப்புக்கொண்ட பிறகே நைஸ் ஏற்றது. இப்போது பெரும்பாலும் ரகசியத் தள்ளுபடி. பட்டியல் விலை ஒன்று, உண்மை விலை வேறு. கணக்கு முடிந்த பிறகும் வெளியே இருப்பவர்களுக்கு உண்மை விகிதம் தெரியாது.

2006-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. வெளியான 494 செலவுத்தகவு ஆய்வுகளை அலசினார்கள். நிறுவனப் பணத்தில் நடந்தவை, 20,000 டாலர், 50,000 டாலர் போன்ற வரம்புகளுக்குக் கீழே விழும் போக்கு மற்றவற்றைவிடத் தெளிவாக அதிகம். இந்த வேலையில் இருக்கும் யாருக்கும் அதில் ஆச்சரியம் இருந்திருக்காது. ஆனால் இதே கருவி நிறுவனத்தையும் திருப்பி அடிக்கும். அல்சைமர் மருந்து அடுகானுமாபுக்கு 2021-இல் ஆண்டுக்கு 56,000 டாலர் விலை வைத்தது பயோஜென். பாஸ்டனில் உள்ள ஐசர் அமைப்பு அதே வகைக் கணக்கைப் போட்டு, ஆண்டுக்கு 3,000 முதல் 8,400 டாலர்வரைதான் தகும் என்றது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே விலை ஏறத்தாழ பாதியானது. 2024-இல் மருந்தையே கைவிட்டார்கள். (அமைப்பின் பெயரும் ஐசர், விகிதத்தின் சுருக்கமும் ஐசர். ‘ஐசர் சொன்ன ஐசர்’ என்று கூட்டத்தில் பேசிக்கொள்வோம். அமைப்பை அப்படியே விட்டுவிட்டு விகிதத்துக்குத் தமிழ்ப்பெயர் வைத்தால் நமக்கு அந்தத் தொல்லை இல்லை.)

எனவே ‘தகவு’ முன்தீர்ப்பு அல்ல என்பது என் எண்ணம். தகவு இருக்கிறதா என்று இரு தரப்பும் வழக்காடுகின்றன. முன்தீர்ப்பு ஒளிந்திருப்பது வேறொரு இடத்தில். நிறுவனம் சமர்ப்பிக்கும் கோப்பை இந்த இழையில் ஒருவர் ‘மதிப்பு நிறுவல் கோப்பு’ என்று எழுதியிருந்தார். நிறுவுவது என்றால் ஐயமறக் காட்டிவிட்டது என்று பொருள். அதற்கு ‘மதிப்பு வாதக் கோப்பு’ என்று வைக்கலாம். நான் கட்டிக் கொடுப்பது வாதம்தான்.

ஹெல்த் எகனாமிக்ஸ் என்ற இந்தத் துறையின் பெயரில் எனக்குப் பிடிவாதம் இல்லை. இலங்கையில் ‘சுகாதாரப் பொருளியல்’ என்றால் அதுவே இருக்கட்டும், இங்கேயும் புரியும். வரம்பை மட்டும் ‘எல்லை’ என்று எழுத வேண்டாம். இலங்கைப் பொருளியல் நூல்களில் நம் ‘இறுதிநிலை’க்கு அந்தச் சொல்தான் வழக்கம்.

சோதனைக்கு ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

“புதிய மருந்தின் கூடுதற்செலவு விகிதம் ஒரு நலவாண்டுக்கு 45,000 பவுண்டு. இது வரம்பைத் தாண்டுவதால் பட்டியல் விலையில் மருந்துக்குச் செலவுத்தகவு இல்லை என்று குழு கருதியது. நிறுவனம் தள்ளுபடி அளித்த பின் விகிதம் வரம்புக்குள் வந்தது. ஆயினும் நோயாளிகளின் எண்ணிக்கை காரணமாக முதல் ஆண்டில் இது கட்டுப்படியாகுமா என்பது தனியே ஆராயப்பட வேண்டும்.”

எனக்கு இடறவில்லை. உங்களில் மருத்துவம் தெரியாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்து, எங்கே நிற்கிறார் என்று சொல்லுங்கள். இலக்கணம் அறிந்தவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ‘கூடுதல் செலவு விகிதம்’ என்று பிரித்து எழுதினால் விகிதம்தான் கூடுதல் என்று படித்துவிடுகிறார்கள், அதனால்தான் ‘கூடுதற்செலவு’ என்று புணர்த்தினேன். இன்றைய வாசகருக்கு அந்த ‘ற்’ உறுத்துமா, அல்லது இடையில் ஒரு சிறுகோடு போதுமா? அது முடிவானதும் செலவுத்தகவு, நலவாண்டு, கூடுதற்செலவு விகிதம் மூன்றையும் விக்சனரியில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்,
பெங்களூரிலிருந்து