பகலெல்லாம் ஒளிந்திருக்கும் கூலி லோச் மீன்கள்

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்): எங்கள் 80 லிட்டர் தொட்டியில் விட்ட மூன்று கூலி லோச் மீன்களும் வடிகட்டிக்குப் பின்னாலேயே பதுங்கியிருக்கின்றன. நோயாக இருக்குமோ?

மறுமொழி: அப்படி எண்ண வேண்டாம், ஐயா. அயிரை இனத்தைச் சேர்ந்த இவை, தென்கிழக்கு ஆசியாவின் இலைச்சருகு படிந்த ஓடைகளில் இரவில் இரைதேடுபவை. ஆகவே கூர்மையான சரளையை அகற்றி மென்மணல் பரப்பி, மரக்கட்டையும் மிதக்கும் செடிகளும் வைத்து வெளிச்சத்தைக் குறைத்து, எண்ணிக்கையை ஆறுக்கு உயர்த்தினால், ஒன்றைப் பார்த்து மற்றொன்று துணிவு கொள்ளும். மறைவிடத்தை எடுத்துவிட்டால் வெளியே வந்துவிடும் என்று சிலர் சொல்வது தலைகீழான யோசனை.

மற்றொரு மறுமொழி: விளக்கை அணைத்தபின் மூழ்கும் உணவைப் போடுங்கள். நம் ஊரில் குளிர்காலமான ஜூலை இரவுகளில் நீர் 24 பாகைக்குக் கீழே இறங்காதபடி ஹீட்டர் தேவை. செதில்கள் மிக நுண்ணியவை என்பதால் மருந்தின் அளவில் கவனமாக இருங்கள்.

கேட்டவர்: நன்றி. வடிகட்டிக்குள்ளேயே நுழைந்துவிடுமா?

மறுமொழி: நுழையும், உறிஞ்சுகுழாயின் வாயில் நுரைப்பஞ்சு (ஸ்பாஞ்ச்) பொருத்துங்கள்.